சத்திரக்காரி பேசிய வரிகள்

மூன்று வருடங்களாக நான் ஒரு கழுதைக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேன். அது ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில், பக்கத்தின் வலது ஓரத்தில், முன்னாலும் பின்னாலும் எதனோடும் ஒட்டாமல் தனியே நின்ற ஒரு ஸ்பானியச் சொல். அந்தக் காலத்து மனிதர் ஒருவர் அதைக் காரணமில்லாமல் அங்கே எழுதியிருக்க மாட்டார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை சரி. காரணத்தைத்தான் தவறாகக் கண்டுபிடித்தேன்.

என் வேலையை, நான் குடியிருக்கும் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய இலக்கியம் படிப்பிக்கிறேன். மீதி நேரத்தில், ஸ்பெயின் தென்னமெரிக்காவை ஆண்ட காலத்தில் அங்கிருந்தவர்கள் ஸ்பானிய மொழியில் எழுதி வைத்த பாட்டுகளையும் செய்யுள்களையும் நூலகங்களில் தேடி வாசிக்கிறேன். பெரும்பாலும் கோயில் திருநாள்களுக்காக எழுதப்பட்டவை. எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பாரிசுக்கு வெளியே சார்செலில் இருக்கும் அம்மா உறவினர்களிடம், "பிள்ளை ஸ்பானியோல் ரீச்சர்" என்று சொல்லிவிடுவார். கேட்பவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை. எனக்கும் அது வசதி.

ஸ்பானியம் எனக்கு வந்தது ஒரு எழுத்தால். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தாலே யாராவது திருத்துவார்கள். அவர்களுடைய 'ர' தொண்டைக்குள் இருந்து வரவேண்டும். எனக்கு நாக்கு நுனியில்தான் வரும். பதின்மூன்று வயதில் இரண்டாவது அந்நிய மொழி எடுக்கவேண்டி வந்தது. கூடப் படித்த ஒருத்தி ஸ்பானியம் எடுத்தாள் என்பதற்காக நானும் எடுத்தேன். முதல் வகுப்பிலேயே ஆசிரியை 'நாய்' என்ற சொல்லை எல்லோரையும் சொல்லச் சொன்னார். பெர்ரோ. நாக்கை உருட்டிச் சொல்லவேண்டிய றகரம். இருபத்தைந்து பிள்ளைகள் தொண்டையைக் காறிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. நான் சொன்னேன். ஆசிரியை கையிலிருந்த வெண்கட்டியை வைத்துவிட்டு, "இன்னொரு தரம் சொல்" என்றார். சொன்னேன். "எல்லோரும் இவளைப் போலச் சொல்லுங்கள்" என்றார். பிரான்சில் என் நாக்கைப் பாராட்டிய முதல் ஆள் அவர். அன்றைக்கே என் வாழ்க்கை தீர்மானமாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பிரதி எட்டுத் தாள்கள் கொண்டது. பெருவின் மலைப்பகுதியில், வெள்ளிச் சுரங்கம் இருந்த ஏதோ ஒரு ஊரில் எழுதப்பட்டது. பிற்காலத்தில் அந்தப் பக்கம் போன ஒரு பிரெஞ்சுப் பயணி மற்றக் காகிதங்களோடு அதையும் பாரிசுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நூலகப் பட்டியலில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'பக்திக் கவிதை, முழுமையற்றது.' தாள்கள் சின்னவை, உள்ளங்கையில் அடங்கும். ஓரங்கள் அழுக்கேறி, நடுவில் நாலாக மடித்த தடம் தெரியும். நான் அதை வாசிக்கும்போதெல்லாம் மேசைப் பொறுப்பாளர் ஒரு சின்னப் பஞ்சு அணையைக் கொண்டுவந்து வைத்து, அதன்மேல் தாளைப் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்துவார். பேனா கொண்டுபோக விட மாட்டார்கள், பென்சில்தான்.

தாள்களில் ஏழு செய்யுள்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நாலோ எட்டோ வரி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தொடர்பே இல்லாததுபோல் இருக்கும். ஒன்றில் யாரோ குளிரைப் பற்றி எரிச்சல்படுகிறார். இன்னொன்றில் யாரையோ எத்தனை மாதம் என்று கேட்கிறார். ஒவ்வொரு செய்யுளுக்கும் மேலே, இடப்பக்கம் தொடங்கி ஒரு நீளக் கோடு. அந்தக் கோட்டின் முடிவில், வலது ஓரத்தில், ஒரே ஒரு சொல். அந்தச் சொல் செய்யுளின் ஓசைக்குள் சேராது. ஏழு செய்யுளுக்கும் ஏழு சொல்: குளிர், கழுதை, சத்திரக்காரி, ஒன்பது, வைக்கோல், விளக்கு, மணி.

ஏழு என்றதுமே எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஆன்மா கடவுளை நோக்கி ஏறும் ஏழு படிகள்! குளிர் என்பது அருள் இல்லாத நிலை. கழுதை, ஆசைகளைச் சுமக்கும் உடம்பு. சத்திரக்காரி, கடவுளை விருந்தாளியாக ஏற்கும் ஆன்மா. ஒன்பது, வானதூதர்களின் ஒன்பது அணிகள். வைக்கோல் தாழ்மை, விளக்கு ஞானம், மணி மரணம். எல்லாவற்றுக்கும் அந்தக் காலத்துப் பிரசங்கங்களிலிருந்து மேற்கோள் கிடைத்தது. தேடினால் எதற்கும் மேற்கோள் கிடைக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாற்பது பக்கக் கட்டுரை எழுதினேன். என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியை இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், அவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "நீ எழுதியதிலேயே இதுதான் அழகானது" என்றார். அவர் சுலபமாகப் புகழ்கிற மனுஷி இல்லை. ஒரு ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அச்சுக்கு முந்திய பக்கங்களும் பிழைதிருத்த வந்துவிட்டன. அடுத்த வாரம் கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசுவதாக இருந்தது.

அந்த நிலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் முருங்கைக்காய் வாங்கப் போனேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற கடை. காசு வாங்கும் கேஸில் இருக்கும் அக்கா மன்னார்க்காரி. என்னைவிடப் பத்து வயது மூப்பு. பழக்கம் என்றால் கடைப் பழக்கம்தான். எனக்கு எது முற்றல், எது பிஞ்சு என்று தெரியாது என்பது அவருக்குத் தெரியும். நான் எடுத்து வந்த காய்களில் பாதியை ஒன்றும் பேசாமல் மாற்றிவிட்டு நிறுப்பார். அன்று கடையில் கூட்டம் இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் கூடையை வைத்த சத்தத்தில் கண்ணைத் திறந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி. பாடமாக்கிறன். மண்டைக்குள்ளை ஏறுதில்லை."

"என்ன அக்கா, பிரெஞ்சுச் சோதினையோ?"

"சோதினை பாஸ் பண்ணியாச்சு, இங்கை இருக்க விடுற பப்பியேயும் வந்திட்டுது. இது நாடகம். பெரிய வெள்ளிக்கு எங்கடை ஆக்கள் சென் தெனியிலை திருப்பாடுகளின்ர நாடகம் போடுறவை. நான் யேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்துவின்ர மனிசி." சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்தார். "வருசா வருசம் பிலாத்துவின்ர மனிசிதான். மூண்டே மூண்டு இடத்திலை வாய் திறப்பா. அதுகும் கனவு கண்ட கதை."

கேஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள் கிடந்தது. அக்கா முருங்கைக்காயை மாற்ற உள்ளே போனபோது நான் அதைப் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை; எழுத்து என்று ஒன்று முன்னால் கிடந்தால் என் கண் போய்விடும். கையால் எழுதி ஃபோட்டோகொப்பி எடுத்த தாள். அதில் இப்படி இருந்தது:

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . குற்றம்?

நாதா, அந்த மனிதர் மேல் கை வையாதேயும். கனவிலே நான் பட்ட பாடு சொல்லி முடியாது.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . கூட்டம்.

கூட்டம் கத்தட்டும். உம்முடைய மனச்சாட்சி கத்தவில்லையோ?

என் எட்டுத் தாளிலும் இருந்த அதே அமைப்பு. இடப்பக்கம் தொடங்கி ஒரு நீளக் கோடு. கோட்டின் முடிவில், வலது ஓரத்தில், ஒரே ஒரு சொல்.

அக்கா நல்ல காய்களோடு திரும்பி வந்தார். நான் தாளைக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

"அக்கா, இதிலை 'குற்றம்' எண்டு ஓரத்திலை தனிய எழுதியிருக்கே. அது என்ன?"

"அதோ? அது பிலாத்து சொல்லுறது. அவர் நீட்டுக்குப் பேசிக்கொண்டு வந்து 'குற்றம்' எண்டு முடிப்பார். அந்தச் சொல்லு காதிலை விழுந்த உடனை நான் தொடங்கவேணும்."

"அவர் பேசுறது முழுக்க ஏன் எழுதேல்லை?"

அக்கா சிரித்தார். "எங்களுக்கு நாடகம் பழக்கிறவர் பஸ் ஓட்டுறவர். முந்தி எல்லாருக்கும் முழுக் கொப்பி குடுத்தவர். அப்ப என்ன நடந்தது? ஆருக்கு எத்தினை வரி எண்டு எண்ணத் தொடங்கிச்சினம். அவருக்கு அவ்வளவு, எனக்கு இவ்வளவோ எண்டு ஒரே சண்டை. ரெண்டு பேர் விட்டிட்டே போட்டினம். அதுக்குப் பிறகு அவரவருக்கு அவரவற்றை வரி மட்டும். முன்னுக்குப் பேசிறவற்றை கடைசிச் சொல்லு மட்டும் ஓரத்திலை. அது காணும்தானே?"

காணும். தாராளமாகக் காணும்.

நாடகத் துறையில் இருப்பவர் யாராவது அந்த எட்டுத் தாள்களைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஸ்பெயினிலும் நடிகர்களுக்கு இப்படித் தனித்தாள் கொடுக்கும் வழக்கம் இருந்தது; நானே எங்கோ வாசித்திருக்கிறேன். ஆனால் நான் கவிதைக்காரி. பட்டியலில் 'கவிதை' என்று இருந்தது. கவிதை என்று நினைத்துத் திறந்தேன், கவிதையாகவே வாசித்தேன்.

அந்த நேரத்தில் இதெல்லாம் யோசிக்கவில்லை. அந்த ஏழு செய்யுளும் எனக்கு மனப்பாடம். அக்காவுக்கு முன்னால் நின்றபடி ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்றால், பக்கத்தில் அவர்தான் இருந்தார்.

"அக்கா, இதைக் கேளுங்கோ. பழைய காலத்து எழுத்து. முதல்லை ஓரத்திலை 'குளிர்' எண்டு இருக்கு. அதுக்குப் பிறகு, 'குளிர் எல்லோருக்கும்தான். என் வீட்டில் இடமில்லை. போன கிழமை வந்தவர்களே இன்னும் போகவில்லை' எண்டு வருது. பிறகு ஓரத்திலை 'கழுதை'. அதுக்குப் பிறகு, 'கழுதையைச் சுவரோடு கட்டு. அதற்கென்றால் இடமிருக்கிறது.'"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நல்லாத்தான் குடுக்கிறாள்."

"பிறகு, 'அந்தப் பெண்ணின் கால் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது? அவளை இறக்கி விடு. எத்தனை மாதம்?' எண்டு கேக்குது. அதுக்குப் பிறகு ஓரத்திலை 'ஒன்பது'..."

நான் நிறுத்திவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"ஒன்பது மாசம் எண்டு மற்றவ சொல்லியிருக்கிறா. வேறை என்ன?"

வானதூதர்களின் ஒன்பது அணிகள் பற்றி நான் பதினொரு பக்கம் எழுதியிருந்தேன்.

"இது நத்தார் நாடகம் தங்கச்சி, யேசு பாலன் பிறக்கிற கதை," என்றார் அக்கா. முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னார். "மாதாவும் சூசையப்பரும் இடம் கேட்டுக்கொண்டு வருகினம். இவள் அந்தச் சத்திரத்துக்காரன்ர மனிசி. ஆம்பிளை இல்லை, பொம்பிளைதான். ஆம்பிளை வந்தவளின்ர காலைப் பாப்பானோ?"

எனக்குப் பின்னால் ஒரு அம்மா அரிசி மூட்டையோடு வந்து நின்றார். நான் நகர்ந்தேன். என் முருங்கைக்காய்ப் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்ததை வீட்டு வாசலில்தான் உணர்ந்தேன். திரும்பப் போகவில்லை. மேசையில் உட்கார்ந்து, பிரதியின் படங்களைத் திறந்து, கழுதைக்குக் கீழே இருந்த மூன்றாவது ஓரச்சொல்லைப் பார்த்தேன். மெசொநேரா. சத்திரக்காரி. கடவுளை விருந்தாளியாக ஏற்கும் ஆன்மா இல்லை. சூசையப்பர் கெஞ்சிக் கேட்டுவிட்டு, கடைசியில் அவளை அழைக்கிற சொல். 'அம்மா, சத்திரக்காரி!' அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் மாதாவின் காலைப் பார்க்கிறாள்.

தாள் ஏன் சின்னது, ஏன் நாலாக மடிக்கப்பட்டது, ஓரம் ஏன் அழுக்கு என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. யாரோ ஒருத்தி அல்லது ஒருவன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வேலைக்கு நடுவே எடுத்து எடுத்துப் பாடமாக்கியிருக்கிறார். அந்த வியர்வைக் கறையை நூலகத்தில் எத்தனை தரம் பார்த்திருப்பேன்! 'ஈரத்தால் ஏற்பட்ட சேதம்' என்று குறிப்பும் எழுதி வைத்திருந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷம் தவிர வேறொன்றும் இல்லை. பிறகுதான் கட்டுரை ஞாபகம் வந்தது.  நாற்பது பக்கம். ஏழு படிகள். அச்சுக்குத் தயாரான பக்கங்கள் மேசையின் மறுபக்கத்தில் இருந்தன. யாருக்கும் சொல்லாமல் விட்டால்? ஓரிரு வருடத்தில் யாராவது கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடிக்காமலும் போகலாம். இந்த எட்டுத் தாளை என்னைத் தவிர யார் திறக்கப் போகிறார்கள்? இதை நான் யோசிக்கவே இல்லை என்று இங்கே எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் யோசித்தேன். பிறகு அந்தச் சத்திரக்காரியை நினைத்தேன். இத்தனை காலத்துக்குப் பிறகு வாய் திறந்து பேசுகிறாள். அவளைத் திரும்பவும் ஆன்மா ஆக்க எனக்கு மனம் வரவில்லை.

பேராசிரியைக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதையும் சொன்னேன். 

"அப்படியென்றால் அந்தக் கழுதை?" என்றார்.

"கழுதைதான்."

"வெறும் கழுதையா?"

"சுவரோடு கட்டச் சொல்கிறாள்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். எழுபது வயது மனுஷி, மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு, "என்னுடைய முதல் புத்தகத்திலும் இப்படி ஒரு கழுதை இருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நான்தான் பத்து வருடம் கழித்துக் கண்டுபிடித்தேன். உனக்கு அச்சாக முந்தியே தெரிந்துவிட்டது. அதிர்ஷ்டக்காரி" என்றார். எது என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

ஆய்விதழின் ஆசிரியர் அவ்வளவு சிரிக்கவில்லை. பக்கமெல்லாம் கட்டி முடித்தாகிவிட்டதாம். கோடை முடிவதற்குள் புதிதாக எழுதித் தந்தால் பார்க்கலாம் என்று இரண்டு வரியில் பதில் போட்டார். நியாயம்தான்.

கருத்தரங்கில் நான் தயார் செய்த பேச்சைப் பேசவில்லை. முதலில் ஏழு படிகளைச் சொன்னேன். தலைகள் மரியாதையாக ஆடின. பிறகு, நான் முருங்கைக்காய் வாங்கப் போன கதையைச் சொன்னேன். 'ஒன்பது' வந்த இடத்தில் முன்வரிசையில் ஒருவர் மேசையில் தட்டினார். முடிந்ததும் நாடக வரலாறு படிப்பிக்கிற ஒரு பெண்மணி எழுந்து, "அந்தப் பயணி கொண்டுவந்த மற்றக் கட்டுகளில் சூசையப்பர் இருக்கிறாரா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி. அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காமலும் போகலாம், ஆனால் எதைத் தேடுகிறேன் என்று இப்போது எனக்குத் தெரியும்.

பையை விட்டு வந்ததற்கு அடுத்த நாள், கருத்தரங்குக்கு முந்தியே, கடைக்குப் போனபோது அக்கா என் முருங்கைக்காய்ப் பையைக் கேஸுக்குக் கீழே இருந்து எடுத்துத் தந்தார். காய் கொஞ்சம் வாடியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். நன்றி சொன்னேன். புதுக் கட்டுரையில் அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"ஐயோ வேண்டாம் தங்கச்சி! கேஸிலை இருந்து பாடமாக்கினது கடைப் பத்ரோனுக்குத் தெரிஞ்சால் வேலையாலை நிப்பாட்டிப் போடுவார்."

"அப்ப பேரில்லாமல் போடுறன். 'கடையில் வேலை செய்யும் ஒருவர்' எண்டு போடட்டோ?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். பட்டைக் கோடு வாசிக்கும் கருவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நடிகை எண்டு போடுங்கோவன்," என்றார்.

அப்படியே போட்டேன். இலையுதிர் காலத்து இதழில், முதல் அடிக்குறிப்பில், லா சப்பலைச் சேர்ந்த ஒரு நடிகைக்கு நன்றி என்று இருக்கிறது.

கதை அதோடு முடிந்திருக்கும். அக்கா விடவில்லை. பெரிய வெள்ளி முடிந்து சில கிழமைக்குப் பிறகு, சத்திரக்காரியின் வரிகளை முழுவதுமாகத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "நத்தாருக்கு. சும்மா மாதாவையும் பாலனையும் வைச்சுப் பாட்டுப் பாடிறதுதானே ஒவ்வொரு வருசமும். இவள் நல்ல வாய்க்காரி. எனக்குப் பிடிச்சிருக்கு."

மத்தியானங்களில், கடையில் ஆள் குறைந்த நேரத்தில், கேஸுக்குப் பக்கத்தில் ஒரு பால்மாப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். நூலகத்தில் மூன்று வருடம் செய்யாத வேலையை அங்கே செய்தேன்: ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நான் எழுதினதை அக்கா சொல்லிப் பார்த்து, "இது வாயிலை வருகுதில்லை" என்று திருப்பித் தருவார். 'வைக்கோலின் ஈரத்தன்மை' என்று எழுதினேன். "ஆரும் அப்பிடிக் கதைப்பினமோ?" என்றார். 'இந்த வைக்கல் ஈரம், நான் மாத்திறன்' என்று ஆயிற்று. மூலத்தைப் போய்ப் பார்த்தேன். ஸ்பானியத்திலும் அது அப்படித்தான் இருந்தது, அடுப்படிப் பேச்சாக. அதை நான் உயர்ந்த நடை என்று வகுப்பில் படிப்பித்திருக்கிறேன்.

ஒரு இடத்தில் இருவரும் நின்றோம். கடைசிச் செய்யுளில் குழந்தையைச் சொல்ல ஸ்பானியச் சொல் இல்லாமல், அந்த மலைநாட்டு மக்களின் கெச்சுவா மொழிச் சொல் வருகிறது: வாவா.

"குழந்தைக்கு அவையள் வாவா எண்டோ சொல்லுறவை?"

"ஓம் அக்கா."

"அதை மாத்தாதேங்கோ. அப்பிடியே இருக்கட்டும்."

பெரிய சிக்கல் வேறு. எங்களிடம் இருந்தது ஒருத்தியின் வரிகள் மட்டும். நாடகத்துக்கு மற்றவர்களும் பேசவேண்டுமே. அக்கா என் தாளைப் பஸ் ஓட்டுகிற அந்த அண்ணையிடம் கொடுத்தார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர், மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பையில் இருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, "இதிலை சூசையப்பர் கடைசியாச் சொல்லுற சொல்லுத் தெரியுது. அப்ப முன்னுக்கு உள்ளதை நான் எழுதுறன். 'குளிர்' எண்டு முடியவேணும், 'கழுதை' எண்டு முடியவேணும். வேறை கட்டுப்பாடு இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை."

"காணும்."

இரண்டு கிழமையில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். பஸ் கடைசித் தரிப்பில் நிற்கிற இடைவேளைகளில் எழுதினாராம். யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு மலை ஊரில் எழுதிய சூசையப்பர் தொலைந்துபோனார்; இன்னொரு சூசையப்பர் ஒரு பஸ்சுக்குள் எழுதப்பட்டார். இருவரும் ஒரே சொற்களில் பேச்சை முடிக்கிறார்கள். அந்த அண்ணையின் சூசையப்பர் கொஞ்சம் கூச்சக்காரர். இடம் கேட்கும் முன் மன்னிப்புக் கேட்பார். கையில் ஒரு காகிதக் கட்டை வைத்துக்கொண்டு அதைக் காட்டலாமா வேண்டாமா என்று தடுமாறுவார். நாடகத்தில் அந்தக் காகிதம் என்ன என்று சொல்லப்படவில்லை. பார்த்தவர்களில் பாதிப்பேர் அகதி விண்ணப்பக் கட்டோடு இப்படி நின்றவர்கள்; அவர்களுக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் சென் தெனியில் ஒரு மண்டபத்தில் நாடகம் நடந்தது. சார்செலில் இருந்து அம்மாவைக் கூட்டி வந்திருந்தேன். அவர் சைவ சமயம், இருந்தாலும் புடைவையெல்லாம் உடுத்து, முன்வரிசையில்தான் உட்காருவேன் என்று நின்றார். பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் சளசளத்துக்கொண்டிருந்தார்கள். திரை விலகியது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் விளக்குமாற்றோடு நின்றார்.

'கழுதையைச் சுவரோடை கட்டு' என்றபோது மண்டபம் சிரித்தது. மாதாவின் காலைக் குனிந்து பார்த்து, 'எத்தினை மாசம்?' என்று கேட்டபோது ஒரு சத்தமும் இல்லை. மேடையில் மாதா பதில் சொல்வதற்குள் என் பக்கத்தில் அம்மா, தன்னையறியாமல், "ஒன்பது" என்றார்.

கடைசியில் மணி அடித்தது. பாலன் பிறந்துவிட்டார். இடையர்கள் வந்தார்கள், மூன்று அரசர்களும் மினுங்கும் காகிதக் கிரீடங்களோடு வந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பாடத் தொடங்கினார்கள். சத்திரக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அந்த எட்டுத் தாளில் அவளுக்கு எழுதப்பட்டிருந்த கடைசி வரிகளைச் சொன்னாள்:

"பாட்டுப் போதும். கும்பிட்டதும் போதும். எல்லாரும் வெளியிலை போங்கோ. வாவா நித்திரை. தாயும் நித்திரை கொள்ளட்டும்."

விளக்குமாற்றைக் குறுக்கே பிடித்து, அரசர்களையும் இடையர்களையும் மேடையை விட்டு வெளியே தள்ளினாள். மண்டபத்தில் இருந்த பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.